சாக்குத் திரையடியில் நின்றவர்

"ஐயா, பையத் திறந்து நீங்களே காட்டுங்க. எண்ட கை இறால் கை. சாமிச் சாமான்ல படப்படாது."

அவர் என்னிடம் பேசிய முதற் சொற்கள் இவை. கூட்டுறவுச் சங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், நாவற்குடாவில் வாவியோரமாக இருந்த ஓர் இறால் கொம்பனியில் நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்த முதல் நாள் மாலை அது. மீனவர்களிடம் இறாலை வாங்கி, தலை கிள்ளி, கோதுடைத்து, ஐஸில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்புகின்ற சிறிய கொம்பனி. வேலை முடிந்து வெளியேறுகின்றவர்கள், முதலாளி ஒருவர் நீங்கலாக, எல்லோரும் வாசலில் சோதிக்கப்பட்ட பின்னரே போகலாம். ஆண்களின் உடம்பைக் காவலாளி தடவிப் பார்ப்பார். பெண்களையும், எல்லோருடைய பைகளையும் பார்ப்பது இந்தப் பெண்மணியின் வேலை.

என் பையில் திருநீற்றுப் பையும் பதிகப் புத்தகமும் வெறும் சோற்றுப் பெட்டியும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். புத்தகத்தைக் கண்டதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இது என்ன ஐயா, கணக்கா?"

"இல்லையம்மா, பதிகம். பஸ்ஸில படிக்கிறது."

"அப்ப நீங்க போங்க. பாட்டுக்குள்ள இறால் ஒளிக்க ஏலா."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் பையைத் திறக்கச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் அங்கு வேலை பார்த்த காலத்தில் ஒருநாளாவது "ஐயாதானே, போங்க" என்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. ஆரையம்பதியிலிருந்து வருவார். இறாற் கூடங்களுக்கே உரிய வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, இறுக்கிய கொண்டையோடு மாலையில் வாசலுக்கு வந்தாரென்றால், பகலெல்லாம் கூடத்தில் கோதுடைத்த பெண்ணும் இவரும் ஒருவர்தாமா என்று தோன்றும். அவருடைய பெயரை அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் "அக்கா". முதலாளிக்குங்கூட.

அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த ஒரு திரை வாசலடியில் தொங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக அதற்குப் பின்னால் போவார்கள். திரை முழங்கால் வரைக்குந்தான் இறங்கும். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு இரண்டு சோடிப் பாதங்கள் மட்டும் தெரியும். ஒன்று பகல் முழுவதும் ஐஸ் தண்ணீரில் நின்று வெளிறிப்போனது. மற்றையது அக்காவுடையது, அதுவும் வெளிறியதுதான்.

சோதனை தொடங்கும் முன்னர் அவர் ஒரு கிளாஸ் பிளேன்ரீ கேட்பார். குடிப்பதற்கு அன்று. இரண்டு கைகளாலும் கிளாஸைப் பொத்திக்கொண்டு நிற்பார். உள்ளங்கை சூடேறிய பிறகே முதலாவது பெண்ணைக் கூப்பிடுவார். கைச்சூடு தணிந்தால் இன்னொரு கிளாஸ் வரவேண்டும். தேயிலைச் செலவு கூடுகிறதென்று முதலாளி ஒருமுறை குறைப்பட்டபோது, "குளிர்ந்த கை பட்டா ஆருக்கும் உடம்பு திடுக்கிடும் முதலாளி. வேணுமெண்டா உங்களத் தொட்டுக் காட்டவா?" என்று கேட்டார். முதலாளி அதன் பிறகு தேயிலையைப் பற்றிப் பேசவில்லை.

சோதிக்கும்போது அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "என்ன கா, இண்டைக்கு என்ன கறி?" அந்தப் பெண் முருங்கைக்காய் என்பாள், பருப்பு என்பாள், ஒன்றுமில்லை என்பாள். கறியைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கையில் கை தன் வேலையை முடித்துவிடும். "அக்கா கறிக்கு ஒண்டும் கொண்டு போக விடமாட்டா. கறி என்னெண்டு மட்டும் கேப்பா" என்று பெண்கள் கேலி செய்வார்கள். மரக்கறிச் சாப்பாட்டுக்காரனான என்னையும் அவர்கள் விட்டுவைத்ததில்லை. "ஐயா வாயால தின்னல்ல. காலம முதல் பின்னேரம் மட்டும் மூக்கால தின்னுறார்" என்பார்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா வேலைக்கு வந்தார். அபாயா அணிந்த பெண்மணி; முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் ராத்தா என்போம். முதல் நாள் அவர் திரையடியில் தயங்கி நின்றபோது அக்கா, "நீங்களே உதறிக் காட்டுங்க ராத்தா, நான் தொட வேணாம்" என்றார். ராத்தா சற்று யோசித்தார்.

"மத்தவங்களயும் இப்படித்தான் பாக்கிறயா?"

"இல்ல. அவங்களத் தொட்டுத்தான் பாக்கிற."

"அப்ப எனக்கும் தொட்டுத்தான் பாரு கா. நான் என்ன, முதலாளிட பொண்டாட்டியா?"

முதலாளியின் மனைவியும் தப்பவில்லை. ஒருநாள் கொம்பனியைப் பார்க்க வந்த அந்த அம்மா திரும்பிப் போகும்போது அக்கா திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விளையாட்டென்று எண்ணிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவரின் முகம் வெளியே வரும்போது மாறியிருந்தது. "இவங்களுக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடியா?" என்று கணவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் காரைத் திறந்தார்.

எவராவது அகப்பட்டால் என்ன செய்வது என்பதிலும் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோதே முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம்: "முதற் தரம் எண்டா நான் சொல்லமாட்டன். ரெண்டாந் தரம் எண்டா நீங்க கேக்கத் தேவையில்ல." ஒருமுறை ஒரு பெண்ணின் கொண்டைக்குள் இறால் இருந்தது. அக்கா அதை எடுத்துத் திரையின் ஓரத்தில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் போட்டார். "வழி தெரியாம வந்திட்டு" என்றதோடு சரி. அந்தப் பெண் பிறகு என் மகளைப் போல எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவளானாள். அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அக்கா சொல்லித் தெரிந்ததன்று.

இவையெல்லாவற்றையும்விட நான் அவரை நினைத்திருப்பது வேறொன்றுக்காக. எல்லாப் பெண்களும் போன பின், கடைசியாக நின்றவரிடம் திரும்பி, அவர் தம் இரு கைகளையும் உயர்த்துவார்.

"இனி என்னப் பாருங்க."

கொம்பனிச் சட்டத்தில் அப்படியொன்று இல்லை. சோதிப்பவரைச் சோதிக்க வேண்டுமென்று முதலாளி கேட்டதுமில்லை. ஆயினும் ஒருவர் தம்மைத் தடவிப் பார்த்து "ஒண்டுமில்ல" என்று சொல்லும்வரை அக்கா படியிறங்க மாட்டார். பின்னறையில் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு வருவதால் பெரும்பாலும் காத்தான்குடி ராத்தாவே கடைசியாக வருவார். ஆகவே அந்த வேலை அவருக்கே வந்து சேர்ந்தது.

பதிகம் பாடிய அடியார்களிடத்தில் நான் கண்டு உருகுகின்ற இயல்பு ஒன்றுண்டு. இறைவன் கேளாமலே தம் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதுவும் என்னிடம் உண்டு, இதுவும் உண்டு என்று அவன் திருமுன் விரித்து வைத்துவிடுவார்கள். ஒளிக்க இடமிருந்தும் ஒளிக்காத அந்த நெஞ்சத்தைப் பாட்டில் கண்டு கண்கலங்கியிருக்கிறேன். இறாற் கழிவு நாறுகின்ற ஒரு வாசலில், சாக்குத் திரைக்கு மேலே உயர்ந்த இரண்டு வெளிறிய கைகளில் அதையே கண்டபோது, முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அது எங்கே தொடங்கியதென்று ராத்தாதான் ஒருநாள் சொன்னார். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், ஆஸ்பத்திரி விறாந்தையில் பெண்களின் உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்களாம். கழுவித் துடைத்து அடையாளம் காட்டுவதற்கு ஆள் போதவில்லை. அக்கா தாமாகவே போய் நின்றிருக்கிறார். தாலி, காப்பு, தோடு என்று கழற்றியவற்றை ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் இட்டு, ஆளுக்கேற்பத் துணியில் முடிந்து வைத்தார். இறந்தவர்களின் நகையைச் சிலர் எடுக்கிறார்கள் என்ற பேச்சு ஊரில் அடிபட்ட நேரம். வேலை முடிந்ததும் அவர் விறாந்தையின் நடுவில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்றாராம்.

"ஆராவது ஒருத்தி வந்து என்னப் பாத்திட்டு விடுங்க எண்டு கத்துறா" என்றார் ராத்தா. "ஆருக்கு மனம் வரும்? எல்லாரும் அழுதிட்டு நிக்காங்க. நான் தங்கச்சியத் தேடிப் போனவ. நான்தான் போய்ப் பாத்தன். இது நான் அவட வாயால கேட்டதில்ல ஐயா. எண்ட கைக்குத் தெரியும்."

"தங்கச்சி?"

"அவளயும் கழுவி வச்சிருந்தது இவதான்" என்று சொல்லிவிட்டு ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

யுத்தம் முடிந்து சில காலத்தின் பின், ஆரையம்பதிச் சந்தைக்குப் பக்கத்தில் அக்கா அவித்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், விற்றுக்கொண்டிருக்கக் கண்டேன். என்னைக் கண்டதும், "ஐயா, பையத் திறங்க" என்றார். பழக்கத்தில் திறந்துவிட்டேன். ஒரு சுருள் கச்சானை உள்ளே வைத்தார். "பயமில்ல, இப்ப இது கச்சான் கை. சாமிச் சாமானுக்கு ஒண்டும் ஆகா." கொம்பனி வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. வாசலில் கமரா பூட்டியிருப்பதாகச் சொன்னேன். "கமரா கறி என்னெண்டு கேக்குமா?" என்றார்.

அவர் அந்தக் கொம்பனியை விட்டுப் போன மாலையை இனிச் சொல்லவேண்டும்.

வாகரைப் பக்கம் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டு சனங்கள் மட்டக்களப்பு முகாம்களுக்கு வந்திருந்த காலம். அங்கிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி எங்களிடம் கோதுடைக்கச் சேர்ந்தாள். மற்றவர்கள் ஊர் திரும்பத் தொடங்கிய பின்னும் அவள் முகாமிலேயே இருந்தாள். திரும்பிப் போக அவளுக்கு வீடு இருக்கவில்லை. கணவன் சண்டையில் காணாமற் போயிருந்தான். ஒரே மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதிகம் பேசமாட்டாள். கை மட்டும் வேகமாக ஓடும்.

கொழும்பில் நிறுக்கும்போது இறாலின் எடை குறைகிறதென்று அந்த நாட்களில் முறைப்பாடு வந்தது. லொறி இராணுவச் சாவடிக்குச் சாவடி மறிக்கப்பட்டு, ஐஸ் கரைந்து, இறால் வாடிப்போய்ச் சேர்ந்ததே காரணமென்று நான் எடுத்துச் சொன்னேன். முதலாளி தீயவர் அல்லர். ஆனால் நட்டம் ஒருவரின் செவியை அடைத்துவிடுகிறது. ஒருநாள் மாலை அவர் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, திரையின் ஓரத்தில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார்.

"இண்டைக்கு ஆரும் புடிபட்டா நான் பேசவும் மாட்டன், ஏசவும் மாட்டன். நேரே பொலிசுதான்."

மற்றவர்களுக்கு அது வேலை போகிற விடயம். வாகரைப் பெண்ணுக்கு அப்படியன்று. அந்த ஊர்க்காரி ஒருத்தி பொலிஸுக்குப் போனால் விசாரணை இறாலோடு நிற்காது. புருஷன் எங்கே, யாரோடு இருந்தான், எப்போது கண்டாய் என்று அது நீளும். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாத காலம் அது.

மறுநாள் மார்கழிப் பூரணை, முழுநிலா நாள். கடல் வந்த நாள் ஒரு பூரணை நாள் ஆகையால், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அன்றே திவசம் வைத்தார்கள். இறந்தவருக்கு விருப்பமான கறியை ஆக்கி இலையில் படைப்பது இங்குள்ள வழக்கம்.

அவளுடைய முறை வந்தது. திரைக்குப் பின்னால் போனாள். நான்கு பாதங்கள் தெரிந்தன.

"என்ன கா, இண்டைக்கு என்ன கறி?"

வாகரைப் பெண்ணின் பாதங்கள் ஓரடி பின்வாங்கின.

"இண்டைக்கு ஒண்டுமில்லக்கா. நாளைக்குத்தான். மகனுக்குப் படைக்கிற."

"என்ன விருப்பம் அவனுக்கு?"

இளையவளின் பாதங்களின் நடுவே ஒரு துளி தண்ணீர் விழுந்தது. பிறகு இன்னொரு துளி. ஐஸ் கரைகின்ற தண்ணீர். முதலாளி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஐஸ் பெட்டியின் மூடியில் கைவைத்து அமர்ந்திருந்தார். வழி தெரியாமல் வந்ததைத் திருப்பிப் போட அன்று வழி இல்லை. அக்காவின் பாதங்கள் ஓரடி முன்னே நகர்ந்தன. சற்று நேரம் அங்கேயே நின்றன.

"சரி கா, போ. தலையத் துவட்டு, தடிமன் புடிக்கும்."

அவள் வெளியே வந்தாள்.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"அவக்கிட்ட ஒண்டுமில்ல முதலாளி."

சொன்னது உண்மை. அந்த நேரத்தில் அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

வரிசை நகர்ந்து முடிந்தது. தொழுகையை முடித்துக்கொண்டு ராத்தா வந்தார். அவரையும் பார்த்தாயிற்று. போன பெண்களிற் பலர் வெளிக் கதவான படலையடியில் கூடி நின்றார்கள். முதலாளி எழுந்து சோம்பல் முறித்தார். எவரும் அகப்படாததில் அவருக்கும் உள்ளூர ஆறுதல் என்றே தோன்றியது.

"நீங்களும் போங்கக்கா. உங்களப் பாக்கிறதுக்கு என்ன கிடக்கு? நான்தான் இரிக்கனே."

அவர் போயிருக்கலாம். போகவேண்டுமே என்று நான் நெஞ்சுக்குள் இறைவனை வேண்டினேன். வாழ்நாளில் நான் அவனிடம் கேட்ட விசித்திரமான வரம் அதுதான். அக்கா படியை ஒருமுறை பார்த்தார். ராத்தாவை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல முதலாளி. மத்த நாளெல்லாம் பாத்திட்டு இண்டைக்கு மட்டும் பாக்காம விட்டாச் சரிவரா."

இடுப்புச் சேலை மடிப்பை அவிழ்த்து, ஒரு பொலித்தீன் பொதியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதற்குள் ஐஸ் துண்டுகளும் ஒரு கைப்பிடி இறாலும் இருந்தன.

"ஐயா, எழுதிக்கொள்ளுங்க. இண்டைக்கு ஒராள் புடிபட்டிரிக்கா."

முதலாளி மேசையடிக்கு வந்தார்.

"நீங்களா?"

"எண்ட மடியிலதானே கிடந்தது."

"ஏன்கா இப்பிடி? கேட்டிருந்தாத் தந்திருப்பன்தானே?"

"இப்ப கேக்கன். தருவீங்களா?"

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். நேரே பொலிசு என்று எல்லோர் முன்னும் சொன்ன மனிதர், தாம் அக்கா என்று கூப்பிடுகிறவரைப் பார்த்தார். பொதியைப் பார்த்தார். பிறகு வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொண்டு போங்க. நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

"சரி முதலாளி. நீங்க தந்த எண்டதுக்கு ஐயா சாட்சி."

பொதியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ராத்தாவுக்கு முன்னால் கைகளை உயர்த்தினார். ராத்தாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனாலும் வழமைபோலத் தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்தார்.

"வேற ஒண்டுமில்ல" என்றார்.

பின்னொரு நாள் ராத்தாவிடம் கேட்டேன், முதலாளியே விட்டபோது அவர் போயிருக்கலாந்தானே என்று. "போனா, அடுத்த நாள் ஒருத்திட மடியில எப்பிடி ஐயா கை வைக்கிற? அவக்கு அந்த வேல அண்டைக்குத் திரைக்குப் பின்னாலயே முடிஞ்சிட்டு. முதலாளி பொறகுதான் சொன்னார்" என்றார்.

பஸ்ஸுக்காக நான் வீதியில் நடந்தபோது அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பொதியைச் சேலைக்குள் மறைக்காமல் கையில் தூக்கிப் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வளைவிலிருந்த இராணுவச் சாவடியில் சிப்பாய் மறித்தான். பொதியைக் காட்டி, "மொனவத?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"இஸ்ஸோ, இறால். முதலாளி தந்த."

அவன் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, போகும்படி கையசைத்தான். என் பையைத் திறந்து திருநீற்றையும் புத்தகத்தையும் அவன் கிளறி முடிப்பதற்குள் அக்கா பஸ் தரிப்பிடத்தை அடைந்துவிட்டார். வாகரைப் பெண் அங்கே காத்து நின்றாள். நான் கிட்டப் போனபோது பொதி அவள் கைக்கு மாறியிருந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"எண்டாலதானேக்கா... உங்கட வேல..."

"வேலையப் பொறகு பாப்பம். ஐஸ் கரையுது, பஸ்ஸ விட்டிராத." அக்கா தம் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்தார். "முகாமுக்குப் போன உடன மஞ்சளும் உப்பும் போட்டு ஒரு கொதி கொதிக்க வை, புள்ள. நாளைக்கு மட்டும் கெடாமக் கிடக்கும்."